ஆர்வி வண்டியோடு ஏரிக்கரையில் ஒரு நாள்: சிபால்ட் பொயின்ற் போகமுன் செய்ய வேண்டியவை

போன வருஷம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை. ஊரிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். "எல்லாரும் ஒரே வண்டியில் போனால் நல்லா இருக்கும்" என்று சித்தி சொன்ன ஒரு சொல்லுக்காக 30 அடி மோட்டர்ஹோம் (ஆர்வி என்பது இதைத்தான்: கட்டில், அடுப்பு, கழிவறை உள்ள வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். ரோல்ஸ் 60, ஒரு பெரிய சட்டி கோழிக்கறி, இரண்டு ஐஸ் பெட்டி. ஸ்காபரோவிலிருந்து ஆறுதலாகப் புறப்பட்டு, 11 மணிக்கு ஏரிக்கரைப் பார்க் ஒன்றின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே போவதற்கான பெர்மிற் புக் பண்ணினீர்களா என்று கேட்டார்கள். இல்லை. இன்றைக்கு இடம் முடிந்துவிட்டது என்றார்கள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. 30 அடி வண்டியை அந்த வாசலில் திருப்ப முடியாது. பின்னால் வரிசையாகக் கார்கள். மச்சான் இறங்கி ஒவ்வொரு காராகக் கண்ணாடியைத் தட்டி, பின்னுக்கு எடுக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு போனான். நான் வேர்த்து விறுவிறுத்து ரிவேர்ஸ் எடுத்தேன். சித்தப்பா மட்டும் மேசையில் இருந்தபடி மூன்றாவது ரோல்ஸை முடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு பிளாசாவின் பார்க்கிங்கில் நிறுத்தி, ஏரியைப் பார்க்காமலே கோழிக்கறி சாப்பிட்டோம்.

அடுத்த மாதம் சிபால்ட் பொயின்ற் மாகாணப் பூங்காவுக்குச் சரியாகப் போய் வந்தோம். சிம்கோ ஏரியின் தென்கரையில், சட்டன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு பயணத்திலும் படித்ததைக் கீழே எழுதியிருக்கிறேன். ஒன்ராறியோவின் மற்ற மாகாணப் பூங்காக்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதலில் நாளைப் பிடியுங்கள்

ஜூலை, ஆகஸ்ட் சனி ஞாயிறுகளில் ரொறன்ரோச் சனம் முழுக்க ஏரிக்கரையில்தான். லோங் வீக்கெண்ட் என்றால் கேட்கவே வேண்டாம்: விக்டோரியா டே, கனடா டே, ஆகஸ்ட் முதல் திங்கள், லேபர் டே. பெரிய வண்டியோடு முதல் தடவை போகிறவர்கள் இந்த நாட்களைத் தொடாதீர்கள். ஒரு நாள் லீவு போட்டு செவ்வாயோ புதனோ போனால் பார்க்கிங்கில் பாதி காலியாக இருக்கும், ஆர்வி வாடகையும் சில இடங்களில் குறையும். ஜூனில் போகலாம், ஆனால் தண்ணீர் விறைக்கும். சின்னப் பிள்ளைகள் முழங்கால் வரைக்கும் இறங்கிவிட்டு அழுதுகொண்டு வருவார்கள். பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு, செப்டம்பர் முதல் இரண்டு வாரம்தான் என்னைக் கேட்டால் மிகத் திறம்.

2. பெர்மிற்: ஐந்து நாள் முன்னுக்கு, காலை 7 மணி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரமென்றால் இதை வாசியுங்கள். மாகாணப் பூங்காக்களை நடத்தும் ஒன்ராறியோ பார்க்ஸின் பகல்நேர வாகனப் பெர்மிற்றை வருகிற நாளுக்கு ஐந்து நாள் முன்னிருந்து ஒன்லைனில் எடுக்கலாம். காலை 7 மணிக்குத் திறக்கும். சனிக்கிழமைக்குத் திங்கட்கிழமை காலை, ஞாயிற்றுக்கிழமைக்குச் செவ்வாய் காலை. போனில் அலாரம் வையுங்கள். கணக்கு ஒன்றை முதல் நாளே திறந்து, கிரெடிற் காட்டையும் அதில் பதிந்து வைத்தால் 7 மணிக்குத் தட்டுத்தடுமாற வேண்டியதில்லை.

கட்டணம் தலைக்கு இல்லை, வண்டிக்கு. பூங்காவைப் பொறுத்து ஏறக்குறைய 12 டொலரில் தொடங்கி 20 டொலருக்குச் சற்று மேல் வரை போகும். சிபால்ட் பொயின்ற் மாதிரிச் சனம் கூடும் இடங்கள் மேல்தட்டில் இருக்கும். வண்டிக்குள் எட்டுப் பேர் இருந்தாலும் அதே காசுதான். பின்னால் மச்சானின் குடும்பம் தனிக் காரில் வந்தால் அவர்களுக்கு வேறு பெர்மிற் வேண்டும். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது ஆர்விக்காரருக்கு மட்டும் வருகிற சிக்கல். பெர்மிற் எடுக்கும்போது நம்பர் பிளேற் கேட்கும். வாடகை வண்டியின் நம்பர் திங்கட்கிழமை காலை உங்கள் கையில் இருக்காது. வண்டியையே வெள்ளிக்கிழமைதான் தருவார்கள். நான் செய்தது இது: முதல் வாரமே வாடகைக்காரரைக் கூப்பிட்டு, எந்த வண்டி தரப் போகிறீர்கள், நம்பர் என்ன என்று கேட்டேன். சொன்னார்கள். வெள்ளிக்கிழமை போனால் வேறு வண்டி நிற்கிறது! பூங்கா வாசலில் பெர்மிற்றையும் வாடகை ஒப்பந்தத்தையும் காட்டினேன், நம்பரைத் திருத்தித் தந்தார்கள். அதனால் இரண்டையும் கையில் வைத்திருங்கள். நம்பர் மாறிவிட்டது என்று தெரிந்த உடனேயே பூங்காவுக்குப் போன் எடுத்துச் சொல்வது இன்னும் நல்லது.

சில பொது நூலகங்களில் ஒன்ராறியோ பார்க்ஸ் பாஸ் இரவலாகக் கிடைக்கும். காசு மிச்சம்தான், ஆனால் அந்தப் பாஸ் கையில் இருப்பதால் மட்டும் உள்ளே இடம் உறுதி என்று நினைத்துப் போகாதீர்கள். நிரம்பிய நாளில் பாஸுக்கும் கதவு திறக்காது.

பகல்நேரப் பெர்மிற் இரவு 10 மணி வரைக்கும்தான். "வண்டிக்குள்ளேயே கட்டில் இருக்கிறதே, படுத்துவிட்டுக் காலையில் போகலாம்" என்று யாராவது சொல்வார்கள் (எங்கள் வீட்டில் சித்தப்பா). முடியாது. இரவு தங்க வேண்டுமென்றால் காம்ப்சைற் (பூங்காவுக்குள் இரவு தங்கும் இடம்) எடுக்க வேண்டும், அது ஐந்து மாதம் முன்னுக்குத் திறக்கும்.

3. வண்டி எடுக்கத் தேவையான பத்திரங்கள்

ஒன்ராறியோவில் கார் ஓட்டுகிற சாதாரண ஜி லைசன்ஸே போதும். 11,000 கிலோ வரையான வண்டியும், பின்னால் 4,600 கிலோ வரையான ட்ரெய்லரும் அதில் அடங்கும். வாடகைக்கு வரும் மோட்டர்ஹோம் எல்லாம் இதற்குள் வந்துவிடும். ஆனால் வாடகைக்காரர்களின் விதி வேறு: முழு ஜி கேட்பார்கள், ஜி2 (முழு ஜிக்கு முந்தைய படி) என்றால் பெரும்பாலும் தர மாட்டார்கள். வயதுக் கட்டுப்பாடும் இடத்துக்கு இடம் மாறும்.

புதிதாக வந்தவர்களுக்கு: இங்கே சுற்றிப் பார்க்க வந்தவர் மூன்று மாதம் வரைக்கும் தன் நாட்டு லைசன்ஸில் ஓடலாம். குடியேறி வந்தவருக்கு 60 நாள்தான், அதற்குள் ஒன்ராறியோ லைசன்ஸுக்கு மாற வேண்டும். ஊர் லைசன்ஸோடு வருகிற சொந்தக்காரரை இரண்டாவது சாரதியாகப் போட நினைத்தால், சர்வதேச அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்று வாடகைக்காரரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஸ்ரியரிங்கைத் தொட்டால் காப்புறுதி செல்லாமல் போகலாம்.

கிரெடிற் காட் ஒப்பந்தக்காரரின் பெயரிலேயே இருக்க வேண்டும். டெபிற் காட்டை நம்பிப் போகாதீர்கள். அப்புறம், கார் வாடகைக்குக் கிரெடிற் காட் தரும் இலவசக் காப்புறுதி ஆர்விக்கு அநேகமாகச் செல்லாது. வங்கிக்குக் கூப்பிட்டு "மோட்டர்ஹோம்" என்ற சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். "வாடகை வாகனம்" என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும்.

4. எத்தனை கட்டில் என்று பார்க்காதீர்கள், எத்தனை பெல்ற் என்று எண்ணுங்கள்

விளம்பரத்தில் "ஏழு பேர் படுக்கலாம்" என்று இருக்கும். ஏழு பேர் படுக்கலாம் என்பதற்காக ஏழு பேர் ஓடும் வண்டியில் இருக்கலாம் என்றில்லை. சீற் பெல்ற் எத்தனையோ அத்தனை பேர்தான். எங்கள் முதல் வண்டியில் ஆறு பெல்ற்; நாங்கள் எட்டுப் பேர். இரண்டு பேர் தனிக் காரில் வந்தார்கள், சித்தியின் "ஒரே வண்டி" ஆசை அங்கேயே போயிற்று.

பெல்ற் போடாவிட்டால் 200 இலிருந்து 1,000 டொலர் வரைக்கும் அபராதம், லைசன்ஸில் இரண்டு புள்ளி. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை பெல்ற் போடவில்லை என்றால் பொறுப்பு சாரதிக்கு. ஓடும்போது பின் கட்டிலில் படுப்பது, எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுவது எல்லாம் நிறுத்திய பிறகுதான்.

பிள்ளைகளின் கார் சீற் பற்றி ஒரு கவனம். சாப்பாட்டு மேசை இருக்கைகளில் சில பக்கவாட்டிலோ பின்பக்கம் பார்த்தபடியோ இருக்கும். அதில் கார் சீற் பூட்டக்கூடாது. முன்பக்கம் பார்த்த, பெல்ற் உள்ள இருக்கை எத்தனை இருக்கிறது என்று புக் பண்ணமுன் படம் அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

5. காசு எங்கே போகிறது

நாளுக்கு 230 டொலர் என்று பார்த்துத்தான் நானும் "சரி" என்றேன். கோடையில் ஒரு நாளுக்கு மட்டும் யாரும் தருவதில்லை; எங்களுக்குக் குறைந்தது மூன்று இரவு. அது 690. கிலோமீற்றருக்கு 40 சதம் வேறு, 300 கிலோமீற்றருக்கு 120. வண்டியைத் தயார்படுத்தும் கட்டணம் 75. கூடுதல் காப்புறுதி 90. மொத்தம் 975, அதற்கு மேல் 13 வீதம் எச்எஸ்ரி வரி போட்டால் 1,100 ஐத் தாண்டும். பெற்றோல் 125 டொலர் அளவில் போயிற்று. 100 கிலோமீற்றருக்கு 25 லீற்றருக்கு மேல் குடிக்கும் வண்டி அது, காரோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். 1,000 டொலர் வைப்புப் பணமும் கிரெடிற் காட்டில் பிடித்து வைத்தார்கள். பூங்காவின் பெர்மிற் இதற்குள் சில்லறைக் காசு.

ஜெனரேற்றர் ஓடினால் மணிக்கு இவ்வளவு என்று சிலர் தனியாக அறவிடுவார்கள். மீற்றர் இருக்கும், ஏமாற்ற முடியாது. ஒரு நாள் மட்டும் ஏரிக்கரைக்குப் போவதற்காக ஆர்வி எடுப்பது காசுக்குப் பெறுமதியில்லை என்பது என் அபிப்பிராயம். மூன்று நாளில் ஒரு நாள் ஏரிக்கரை என்று வைத்தால் சரிவரும்.

6. வண்டியைக் கையில் வாங்கும்போது

முழுக்கச் சுற்றி வீடியோ எடுங்கள். கூரையின் விளிம்பு, பின் பம்பர், கண்ணாடிகள், உள்ளே மேசைக் கால் எல்லாம். திகதியைச் சத்தமாகச் சொல்லுங்கள். பிறகு இவற்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள்: நிழற்பந்தலை விரித்து மடிப்பது, குளிர்சாதனப் பெட்டியைப் புரொப்பேன் வாயுவுக்கு மாற்றுவது, கழிவுத் தொட்டி திறப்பது. "யூரியூப்பில் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். நகராதீர்கள்.

நல்ல தண்ணீர் நிரப்பியே தரச் சொல்லுங்கள். பூங்காவின் பகல்நேரப் பகுதியில் மின்சார இணைப்போ கழிவு இணைப்போ உங்கள் வண்டிக்குக் கிடைக்காது.

முதல் நாள் இரவு வீட்டுக்குக் கொண்டுவந்தால் எங்கே விடுவது என்று யோசித்தீர்களா? ரொறன்ரோத் தெருக்களில் பலகை இல்லாவிட்டாலும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தக்கூடாது. நாங்கள் அக்காவின் டிரைவ்வேயில் விட்டோம். நடைபாதைக்கு மேல் வால் நீட்டிக்கொண்டிருந்ததால் இரவு 11 மணிக்கு அத்தான் எழும்பி, கராஜ் கதவில் முட்டும்வரை முன்னுக்கு எடுத்தார்.

7. வழி

ஸ்காபரோவிலிருந்து போகிறவர்களுக்கு இரண்டு வழி. ஹைவே 404 இல் ஏறி அது முடியும் இடம் வரை போய் வூட்பைன் ரோட்டில் திரும்புவது ஒன்று. மற்றது, நம்முடைய மார்க்கம் ரோட்டையே பிடித்து நேரே வடக்கே போவது. அதுதான் ஹைவே 48 ஆகிச் சட்டன் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. புதுச் சாரதிக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், நேரம் கூட எடுத்தாலும் லேன் மாற்றுகிற பதட்டம் குறைவு. 407 கட்டணச் சாலையில் ஏறினால் பில் வாடகைக்காரருக்குப் போய், மேலே ஒரு கட்டணத்தோடு உங்களிடம் வரும்.

உயரத்தை ஒரு கடதாசியில் எழுதி ஸ்ரியரிங்குக்கு மேலே ஒட்டுங்கள். இந்த வண்டிகள் ஏறக்குறைய 12 அடி. பாலங்களை விடப் பயப்பட வேண்டியது ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையின் டிரைவ்-துருவுக்கு (வண்டியில் இருந்தபடியே வாங்குகிற பாதை). பழக்க தோஷத்தில் கை தானாகத் திரும்பும். வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் வால் இடப்பக்கம் வீசும். பெற்றோல் அடிக்கமுன் வாயு அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் நிறுத்த வேண்டும்.

8. வாசலும் பார்க்கிங்கும்

காலை 10 மணிக்கு முன் உள்ளே இருங்கள். பெர்மிற் இருந்தாலும் இது ஆர்விக்கு அவசியம்: 11 மணிக்குப் பிறகு இடம் இருக்கும், ஆனால் துண்டு துண்டாக, கார் அளவில்தான் இருக்கும். வாசலில் நின்றபடியே வண்டியின் நீளத்தைச் சொல்லி எங்கே நிறுத்தலாம் என்று கேளுங்கள். படகு ட்ரெய்லர்களுக்கென நீளமான இடங்கள் உண்டு. அவர்கள் சொல்லாமல் அங்கே நிறுத்தாதீர்கள்.

நிறுத்தும்போது ஒருவர் இறங்கிப் பின்னால் நிற்க வேண்டும். சாரதியின் கண்ணாடியில் அவர் தெரிய வேண்டும், அதுதான் விதி. எங்கள் வண்டிக்குப் பின்னால் நின்று "வா, வா, வா" என்று சொன்னது மூன்று பேர். "நில்" சொல்ல ஒருவரும் இல்லை. ஒரு குப்பைத் தொட்டி சாய்ந்தது.

பந்தலைப் பக்கத்துக் காரின் இடத்துக்கு மேல் விரிக்காதீர்கள். ஏரிக் காற்றுக்கு அது பாய்மரம் மாதிரித் தூக்கிக்கொண்டு போகும், முறிந்தால் உங்கள் வைப்புப் பணத்தில்தான் கழிப்பார்கள். ஜெனரேற்றரும் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி வாயுவில் ஓடும்.

9. தண்ணீர்

ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களில் உயிர்காப்பாளர் கிடையாது. சிபால்ட் பொயின்றிலும் இல்லை. தூரத்துக்குத் தரை ஆழமில்லாமல் போகிறது என்பதால் பெரியவர்கள் கதிரையில் சாய்ந்துவிடுகிறார்கள். யார் எந்தப் பிள்ளையைப் பார்ப்பது என்று பெயர் சொல்லிப் பிரியுங்கள். "எல்லாரும் பார்க்கிறோம்" என்றால் ஒருவரும் பார்க்கவில்லை.

காற்றூதிய மிதவைகள் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த ஏரிக்கரை வடக்கே பார்த்தது. தெற்கிலிருந்து காற்று அடிக்கிற நாளில் கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி அமைதியாக இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அந்தக் காற்றுத்தான் மிதவையை ஏரியின் நடுவுக்குத் தள்ளுகிறது. எங்கள் கண் முன்னால் ஒரு பிளாஸ்ரிக் அன்னம் இரண்டே நிமிஷத்தில் கைக்கெட்டாத் தூரம் போயிற்று. நல்லவேளை, அதில் யாரும் இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி போடுங்கள். பல பூங்காக்களில் இரவலாகவே தருவார்கள், போனில் கேளுங்கள்.

சிம்கோ ஏரியில் வரிக்குதிரைச் சிப்பி நிறைய. உள்ளங்காலைக் கீறிவிடும். ஆளுக்கொரு பழைய சப்பாத்து. நீரின் தரம் பற்றிய அறிவிப்புப் பலகை இருந்தால் இறங்கமுன் வாசியுங்கள்.

10. சாப்பாடு, மது, சத்தம்

கரி அடுப்போ வாயு அடுப்போ கொண்டுபோகலாம், ஆனால் தீத் தடை போட்டிருக்கிறார்களா என்று அன்று காலையிலேயே பாருங்கள். சமைத்துக் கொண்டுபோவது எல்லாவற்றையும் விடச் சுகம். கடற்பறவைகளிடம் கவனம்: எங்கள் சின்னவளின் கையிலிருந்த ரோல்ஸை ஒரு பறவை பறித்துக்கொண்டு போனது, மற்றவை எல்லாம் எங்கள் மேசைக்கு வந்துவிட்டன.

மது காம்ப்சைற்றில் மட்டும்தான். ஏரிக்கரையிலோ பார்க்கிங்கிலோ கூடாது, "வண்டிக்குள்தானே" என்று வாதாடவும் போகாதீர்கள்.  பெரிய ஸ்பீக்கர் வேண்டாம். மற்றவர்களுக்குக் கேட்கிற அளவில் பாட்டுப் போட்டால் வந்து நிறுத்தச் சொல்வார்கள். நாயைக் கொண்டுபோனால் இரண்டு மீற்றருக்கு மேற்படாத கயிறு, நீந்துகிற ஏரிக்கரைக்குள் விடவே கூடாது.

11. திருப்பிக் கொடுக்கிற நாள்

சட்டி கழுவிய தண்ணீரையும் நிலத்தில் விடக்கூடாது. சாம்பல் நிறத் தொட்டி (கழுவிய தண்ணீர்), கறுப்புத் தொட்டி (கழிவறைக் கழிவு) இரண்டையும் கழிவு கொட்டும் நிலையத்தில்தான் திறக்க வேண்டும். பூங்காவில் காம்ப் பண்ணாதவர்கள் அதைப் பாவிக்கத் தனிக் கட்டணம். எட்டுப் பேர் ஒரு நாள் முழுக்க வண்டிக் கழிவறையைப் பாவித்தால் தொட்டி வேகமாக நிரம்பும், அதனால் பூங்காவின் கழிவறைக்கே போகச் சொல்லுங்கள். முதலில் கறுப்பு, பிறகு சாம்பல்: சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கையுறை இரண்டு சோடி எடுத்து வையுங்கள்.

தொட்டி காலி, பெற்றோல் வாங்கிய அளவுக்கு நிரப்பி, கறி மணம் போக யன்னல் எல்லாம் திறந்து ஒரு மணித்தியாலம். கறி மணத்துக்கென்று எங்களிடம் 150 டொலர் துப்புரவுக் கட்டணம் கேட்டார்கள். வாங்கும்போது எடுத்த வீடியோவில், மேசைக்குக் கீழே முந்தைய ஆள் விட்ட பிறியாணி மசாலாப் பைக்கற் தெளிவாகத் தெரிந்தது. கட்டணம் கைவிடப்பட்டது. வைப்புப் பணம் எட்டாம் நாள் கிரெடிற் காட்டுக்குத் திரும்பி வந்தது.